உண்ணியின் வயிற்றுக்குள்: குடித்த ரத்தம் என்ன ஆகிறது?

மாடு கட்டியிருக்கும் வீட்டிலும் நாய் வளர்க்கும் வீட்டிலும் உண்ணியைத் தெரியாதவர் கிடையாது. அதை எப்படி ஒழிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். குடித்த ரத்தத்தை அது என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. முதல் கேள்விக்கான விடையில் ஒரு பகுதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. இந்த விஷயத்தில் வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

உண்ணி பூச்சி இனமா?

இல்லை. எட்டுக்கால் உயிரி. சிலந்திக்கும் தேளுக்கும் சொந்தம். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு மட்டும் ஆறு கால் இருக்கும், தோலுரித்த பிறகு எட்டாகிவிடும். உலகில் சுமார் 900 வகை உண்ணிகள் இருக்கின்றன. முதுகில் கெட்டியான ஓடு உள்ளவை ஒரு குடும்பம். தோல் போல மெத்தென்று இருப்பவை இன்னொரு குடும்பம். நம் மாடுகளில் அதிகம் காணும் ரைப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸும், நாயின் காதுமடலில் ஒட்டிக்கிடக்கும் ரைப்பிசெபாலஸ் சாங்குனியஸும் ஓடுள்ளவை. கோழிக்கூண்டின் இடுக்கில் பதுங்கியிருந்து இரவில் வரும் ஆர்கஸ் பெர்சிகஸ் மென்தோல் வகை.

செரிமான ஆராய்ச்சி அதிகம் நடந்திருப்பது ஐரோப்பியக் காடுகளின் உண்ணியான இக்சோடஸ் ரிசினஸில். ‘ரிசினஸ்’ என்றால் லத்தீனில் உண்ணி என்றே பொருள். ஆமணக்குச் செடிக்கும் தாவரவியலில் அதே பெயர்தான். ஆமணக்குக் கொட்டையைக் கையில் வைத்துப் பாருங்கள், ரத்தம் குடித்து உப்பிய உண்ணியை அச்சில் வார்த்தது போலிருக்கும். பெயர் வைத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வைக்கவில்லை.

ஒரு உண்ணி எவ்வளவு குடிக்கும்?

பெண் உண்ணிதான் பெருங்குடிகாரி. ஆண் கொஞ்சம் குடிக்கும். இக்சோடஸ் ரிசினஸின் ஆண் ஏறக்குறைய குடிப்பதே இல்லை. அதே இனத்தின் பெண் ஏழு முதல் பத்து நாள் ஒரே இடத்தில் கடித்தபடி இருந்து, எடையில் நூறு மடங்குக்கு மேல் பெருத்து உதிரும். மாட்டு உண்ணி குஞ்சாக ஏறி, அதே மாட்டிலேயே இரண்டு முறை தோலுரித்து, சுமார் மூன்று வாரத்தில் கால் கிராம் எடையுள்ள மணியாகக் கீழே விழும்.

ஆனால் விழுந்த உண்ணியின் எடையை வைத்து அது குடித்த அளவைக் கணக்கிட்டால் தப்பாகிவிடும். ஓடுள்ள உண்ணி, குடித்த ரத்தத்தின் நீரிலும் உப்பிலும் சுமார் 70 சதவீதத்தை உமிழ்நீராகத் திரும்பவும் மாட்டின் உடலுக்குள்ளேயே துப்பிவிடுகிறது. பாலைச் சுண்டக் காய்ச்சி பால்கோவா எடுப்பது போல, நீரை வெளியேற்றிச் சத்தை மட்டும் தங்க வைத்துக்கொள்கிறது. நோய்க் கிருமிகள் மாட்டுக்குள் போவதும் அந்த எச்சிலோடுதான். மென்தோல் வகைக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் குடித்துவிட்டு, மிகுந்த நீரைக் கால்கள் உடலோடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகள் வழியாகக் கசிய விடும்.

ரத்தத்தில் அப்படி என்ன சாப்பாடு இருக்கிறது?

நீரை எடுத்துவிட்டால் ரத்தத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் புரதம். சர்க்கரையும் கொழுப்பும் சொற்பம். அந்தப் புரதத்திலும் பெரும்பங்கு சிவப்பணுக்களுக்குள் அடைத்து வைத்திருக்கும் ஹீமோகுளோபின். அடுத்தது, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் மிதக்கும் ஆல்புமின். அதற்குப் பிறகு, நோயை எதிர்க்கும் ஆன்டிபாடிகளும் சில்லறைப் புரதங்களும்.

ஆக, உண்ணியின் சாப்பாடு முழுக்கப் பருப்பும் கறியும் மட்டும் வைத்த இலை மாதிரி, சோறு கிடையாது. உடலை ஓட்டுவதற்கான எரிபொருளையும் முட்டைக்கான மூலப்பொருளையும் பெரும்பாலும் அந்தப் புரதத்தை உடைத்துத்தான் எடுத்தாக வேண்டும்.

குடித்த ரத்தம் வயிற்றுக்குள் உறைந்துவிடாதா?

உறையக் கூடாது, உறைந்தால் கதை முடிந்தது. ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் என்ற நொதியை முடக்கும் பொருட்களை உண்ணி எச்சிலிலும் சுரக்கிறது, குடலிலும் சுரக்கிறது. மாட்டு உண்ணியின் குடலில் உள்ள அப்படி ஒரு பொருளுக்கு பூபிலின் என்று பெயர். இந்த உண்ணியின் பழைய இனப்பெயர் பூபிலஸ்; கிரேக்கத்தில் ‘மாட்டை நேசிப்பது’. நேசத்தின் லட்சணத்தை மாட்டிடம்தான் கேட்க வேண்டும்.

குடலுக்குள் சிவப்பணுக்கள் வெடித்துத் திறக்கின்றன. ஹீமோகுளோபின் வெளியே வந்து, குடல் முழுக்க அடர்ந்த சிவப்புக் குழம்பாக நிற்கிறது. இதுவரை நடந்ததைக் கொசுவின் வயிற்றிலும் பார்க்கலாம். இதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது.

அந்தக் குழம்பு எங்கே செரிக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நாம் சாப்பிட்டது எங்கே உடைகிறது? இரைப்பையில் பெப்சின், சிறுகுடலில் டிரிப்சின் என்று நொதிகளைக் குழாயின் வெற்றிடத்துக்குள் ஊற்றுகிறோம். உணவு அங்கேயே கரைந்து சிறு துண்டாகிறது, அதன் பிறகே குடற்சுவர் உறிஞ்சுகிறது. கொசுவும் அப்படித்தான். ரத்தம் வயிற்றுக்குள் விழுந்ததும் டிரிப்சினைக் கொட்டுகிறது, இரண்டு மூன்று நாளில் வேலை முடிந்துவிடும்.

உண்ணியின் குடல் வெற்றிடத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. அது ஒரு தொட்டி, அவ்வளவே. அமிலமா காரமா என்று காட்டும் அதன் பிஎச் அளவு நடுநிலைக்கு அருகிலேயே இருக்கிறது; புரதத்தை வெட்டும் நொதிகளின் வேலை அங்கே மிகக் குறைவு. குடற்சுவரில் வரிசையாக நிற்கும் ‘செரிக்கும் செல்கள்’ அந்தக் குழம்பைச் சொட்டுச் சொட்டாகத் தங்களுக்குள் இழுத்துக்கொள்கின்றன. செல்லின் மேற்சவ்வு உள்நோக்கிக் குழிந்து, ஒரு துளியைச் சுற்றி வளைத்து, சின்னப் பையாக உள்ளே பிரிந்து போகிறது. அந்தப் பைக்குள் அமிலம் ஏறுகிறது. செரிமானம் அங்கேதான், செல்லுக்கு உள்ளே.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரே அடுப்பு, பெரிய அண்டா, எல்லோருக்கும் சமைத்துப் பரிமாறுவார்கள். அது கொசுவின் வழி. உண்ணியின் வழி ரேஷன் கடை வழி. அரிசி குடோனில் கிடக்கும், ஒவ்வொரு வீட்டாரும் பையைக் கொண்டுவந்து வாங்கிப்போய் அவரவர் அடுப்பில் சமைத்துக்கொள்வார்கள். அதில் வேகம் கிடையாது. ஆனால் குடோனில் இருப்பது கெடாமல் இருக்கும் வரை அவசரமும் கிடையாது.

மாட்டு உண்ணியில் பிரேசில் ஆய்வாளர்கள் பார்த்தபோது, எல்லாப் புரதமும் ஒரே வாசல் வழியாக உள்ளே போவதில்லை என்று தெரிந்தது. ஹீமோகுளோபினைச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் அடையாளம் கண்டு பிடித்து இழுக்கின்றன. ஆல்புமின், சுற்றியிருக்கும் திரவத்தோடு திரவமாகப் போய்விடுகிறது. இரண்டும் வெவ்வேறு பைகளில் சேர்கின்றன.

செல்லுக்குள் செரிப்பது உண்ணி புதிதாகக் கண்டுபிடித்த வித்தையல்ல. சிலந்தி வகை உயிரினங்களில் பரவலாக இருக்கும் பழைய பழக்கம்தான். ரத்தம் குடிக்கத் தொடங்கிய பிறகும் உண்ணி குலவழக்கத்தை விடவில்லை.

எந்த நொதிகள் வெட்டுகின்றன? டிரிப்சின் இல்லையா?

இந்த வேலையின் நாயகன் டிரிப்சின் அல்ல. அது காரச் சூழலில் வேலை செய்யும் நொதி. உண்ணியின் செரிக்கும் பைகளுக்குள் பிஎச் 3.5 முதல் 4.5 வரை, அதாவது நல்ல புளிப்பு. அங்கே வேலைக்கு வருவது கதெப்சின் குடும்பம்.

நம் உடலின் செல்களிலும் கதெப்சின்கள் இருக்கின்றன. லைசோசோம் என்ற பைக்குள் இருந்துகொண்டு, தேய்ந்துபோன பழைய புரதங்களை உடைத்து அப்புறப்படுத்துவது அவற்றின் வேலைகளில் ஒன்று. நம்மிடம் குப்பைக் கிடங்காக இருப்பதை உண்ணி அடுக்களையாக்கிக்கொண்டிருக்கிறது.

செக் குடியரசின் செஸ்கே புதேயோவிட்சே நகரில் உள்ள ஒட்டுண்ணியியல் நிறுவனத்தில் பெட்ர் கோபாச்செக், டேனியல் சோய்கா முதலியோரும், பிராக் நகரில் மிகாயெல் மரேஷ் குழுவினரும் சேர்ந்து இக்சோடஸ் ரிசினஸின் குடலிலிருந்து இந்த நொதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். 2008, 2009 ஆண்டுகளில் வெளிவந்த அவர்களுடைய ஆய்வுகள் முழு வரிசையையும் படமாக வரைந்து காட்டின. ஒரு நொதியை மட்டும் தடுத்துவிட்டு, ஹீமோகுளோபின் எந்த அளவுத் துண்டோடு நின்றுபோகிறது என்று பார்ப்பது அவர்கள் கையாண்ட முறைகளில் ஒன்று.

வரிசை இப்படிப் போகிறது. மரம் அறுப்பதாக வைத்துக்கொள்வோம். அடிமரத்தில் முதல் வெட்டு போடுவது கதெப்சின் டி. ஹீமோகுளோபின் என்பது நான்கு சங்கிலிகள் சேர்ந்த உருண்டை. மனித ஹீமோகுளோபினில், புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் மொத்தம் 574. அந்த உருண்டையைப் பெரிய கட்டைகளாகத் துண்டிப்பதில் கதெப்சின் டி-க்குக் கைகொடுக்க இருவர்: கதெப்சின் எல், லெகுமெய்ன். லெகுமெய்ன் முதலில் அறியப்பட்டது பயறு விதைகளில், பெயரும் அங்கிருந்து வந்ததுதான். அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை அடுத்து மட்டுமே வெட்டும் பிடிவாதக்காரர்.

கட்டைகளை விறகாகப் பிளப்பது கதெப்சின் பி. அதோடு அது நிற்பதில்லை. விறகைச் சுள்ளியாக்கும்போதும் அதுவே வருகிறது: துண்டின் வால் முனையிலிருந்து இரண்டிரண்டு அமினோ அமிலமாக நறுக்கிக்கொண்டு போகிறது. தலை முனையிலிருந்து அதே மாதிரி இரண்டிரண்டாக நறுக்கி வருவது கதெப்சின் சி. கடைசியில் ஒற்றை அமினோ அமிலங்களாகப் பிரித்து எடுக்க, கார்பாக்சிபெப்டிடேஸ், அமினோபெப்டிடேஸ் என்று இன்னும் இரு நொதிகள்.

ஒரே வேலையை இத்தனை பேர் பங்குபோட்டுச் செய்வதால், ஒரே ஒரு நொதியைக் குறிவைத்து மருந்து தயாரிப்பது சுலபமில்லை. ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் ஓரளவு சமாளித்துவிடுவார்.

மலேரியா கிருமி நம் சிவப்பணுவுக்குள் இருந்துகொண்டு ஹீமோகுளோபினைத் தின்கிறது. ரத்தக்குழாயில் வாழும் ஷிஸ்டோசோமா புழுவும் தின்கிறது. உண்ணிக்கும் இவற்றுக்கும் உறவு கிடையாது. ஆனாலும் மூன்றும் அமிலச் சூழலில், கதெப்சின் டி ஒரு பக்கம், கதெப்சின் எல் மறுபக்கம் என்று இதே இரு நொதிக் குடும்பங்களைச் சேர்ந்த கத்திகளைத்தான் எடுக்கின்றன.

ரத்தம் குடிக்கும்போதே செரிமானமும் நடக்குமா?

நடக்கும், ஆனால் ஒரே சீராக அல்ல. கடித்த முதல் நாட்களில் உண்ணி மெதுவாகக் குடிக்கிறது, கூடவே செரிக்கிறது. அப்போது கிடைக்கும் அமினோ அமிலங்களைக் கொண்டு தன் குடலையும் தோலையும் பெரிதாக்கிக்கொள்கிறது. வரப்போகும் விருந்துக்கு வீட்டை இடித்துக் கட்டுவது போல. கடைசி ஒரு நாளில்தான் வெறிகொண்டு குடிக்கும். நாம் பார்க்கும் அந்தப் பெரும் வீக்கத்தில் பெரும்பகுதி கடைசி 12 முதல் 24 மணி நேரத்தில் வருவது. அந்த நேரத்தில் செரிமானம் மட்டுப்பட்டு, சேமிப்பு மட்டும் நடக்கிறது. மாட்டைவிட்டு விழுந்து, மண்ணிலோ கல்லிடுக்கிலோ ஒளிந்த பிறகு செரிமானம் மறுபடி முழு வேகத்தில் தொடங்கும்.

இன்னொன்று: ஓடுள்ள வகைகளில், இணைசேராத பெண் அந்தக் கடைசி நாள் வெறிக்குப் போவதே இல்லை. அரைகுறை வீக்கத்தோடு ஒட்டிக்கொண்டு காத்திருக்கும்.

செரித்த புரதம் கடைசியில் எங்கே போகிறது?

முட்டைக்கு. அமினோ அமிலங்கள் உடல்திரவத்தில் கலந்து, கொழுப்பு உறுப்பு என்ற திசுவை அடைந்து, அங்கே மஞ்சள்கருப் புரதமாக மறுபிறவி எடுத்து, சினைப்பைக்குப் போகின்றன. கீழே விழுந்த மாட்டு உண்ணி தன் எடையில் ஏறக்குறைய பாதியை முட்டையாக்கிவிடும். இரண்டாயிரம், மூவாயிரம் முட்டைகளை ஒரே குவியலாக இட்டுவிட்டுச் செத்துப்போகும். ஒரு மாட்டின் ஹீமோகுளோபின், அடுத்த மாதம் அதே மேய்ச்சல் நிலத்துப் புல்நுனியில் ஆறுகால் குஞ்சாகக் காத்திருக்கும்.

உண்ணியை நசுக்கினால் சில சமயம் தார் மாதிரிக் கருப்பாக வருகிறதே, ஏன்?

புதிதாகக் குடித்ததாக இருந்தால் சிவப்பாக வரும். கருப்பாக வந்தால் செரிமானம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஹீமோகுளோபினின் நான்கு சங்கிலிகளிலும் ஆளுக்கொன்றாக ஹீம் என்ற தட்டு செருகியிருக்கும். நடுவில் ஓர் இரும்பு அணு. ரத்தத்தின் சிவப்பு அதனால்தான். புரதச் சங்கிலியை வெட்டி எறிந்தால் இந்தத் தட்டுகள் கழன்று விழும். கழன்ற ஹீம் நஞ்சு: சவ்வுகளைக் கிழிக்கும், செல்லுக்குள் ஆக்சிஜன் சார்ந்த தீங்கான வினைகளைக் கிளப்பிவிடும். எடைக்கு நூறு மடங்கு ரத்தம் குடிக்கும் ஓர் உயிருக்கு இது சில்லறைப் பிரச்சினையல்ல.

நம் உடலில் ஹீமை உடைக்க ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி உண்டு. அடிபட்ட இடம் பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறுவது அதன் கைவேலைதான். உண்ணியிடம் அந்த நொதி இல்லை. மலேரியா கிருமி ஹீமைப் படிகமாக்கி ஒதுக்குகிறது. அதைச் செய்யவிடாமல் தடுத்துத்தான் குளோரோகுயின் என்ற மருந்து அந்தக் கிருமியைக் கொல்கிறது. உண்ணி அந்தப் படிகத்தையும் செய்வதில்லை. ஹீமைச் செல்லுக்குள் தனிப்பட்ட பைகளில் கொண்டுபோய்க் குவித்து, மூடி வைத்துவிடுகிறது. 2003இல் மாட்டு உண்ணியில் இதை விவரித்த பிரேசில் ஆய்வாளர்கள் அந்தப் பைக்கு ஹீமோசோம் என்று பெயரிட்டார்கள். நாளாக ஆக, செரிக்கும் செல்கள் இந்தக் கரும்பைகளால் நிரம்பிப்போகும். உங்கள் கட்டைவிரலில் தாராக ஒட்டியது அதுதான். நாய் படுத்த இடத்தில் உதிர்ந்து கிடக்கும் கரும்பொடியிலும் ஹீமின் மிச்சம் இருக்கும்.

அப்படியானால் ஹீம் உண்ணிக்கு வெறும் தொல்லைதானா?

அப்படித்தான் நெடுநாள் பேசப்பட்டது. 2016இல் செக் நாட்டுக் குழு, யான் பெர்னர் முன்னின்று செய்த ஆய்வு, அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. விளக்குவதும் எளிது.

இக்சோடஸ் ரிசினஸ் பெண்களை மாட்டில் விடாமல், மெல்லிய சிலிகான் சவ்வின் வழியாகக் குடிக்கப் பழக்கினார்கள். ஒரு கூட்டத்துக்கு முழு ரத்தம். இன்னொரு கூட்டத்துக்கு சிவப்பணுக்களை நீக்கிய வெறும் சீரம், அதாவது ஹீமோகுளோபின் இல்லாத சாப்பாடு. புரதத்தில் பெரும்பகுதியை எடுத்துவிட்டால் உண்ணி மெலிந்துபோகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள்.

மெலியவில்லை. சீரம் குடித்தவையும் முழுசாக உப்பின. முட்டையும் இட்டன. ஆனால் அந்த முட்டைகளிலிருந்து ஒரு குஞ்சுகூட வெளியே வரவில்லை. முட்டைகளும் வழக்கமான பழுப்பு இல்லாமல் வெளிறிக் கிடந்தன. சீரத்தோடு ஹீமோகுளோபினைச் சேர்த்துக் கொடுத்ததும் குஞ்சுகள் பொரிந்தன.

இதிலிருந்து தெரிவது: அமினோ அமிலத்துக்காக உண்ணி ஹீமோகுளோபினை நம்பி இல்லை, ஆல்புமின் போன்ற பிளாஸ்மா புரதங்களே போதும். அதற்கு ஹீமோகுளோபினிடமிருந்து வேண்டியது ஹீம். ஏனென்றால் ஹீமைத் தானாகச் செய்துகொள்ளும் மரபணு வரிசையில் பெரும்பகுதியை உண்ணி இனம் தொலைத்துவிட்டது. நாமும் மாடும் கொசுவும் ஹீமைச் சொந்தமாகத் தயாரிக்கிறோம். உண்ணி, கிடைத்ததை எடுத்துக்கொள்கிறது. குடித்ததில் ஒரு சிட்டிகை முட்டைக்குப் போகிறது. மற்றதெல்லாம் பூட்டி வைக்கும் நஞ்சு. வேண்டியது சிட்டிகை உப்பு, இலையில் விழுவது மூட்டை உப்பு என்ற நிலைமை.

ஹீமுக்குள் இருக்கும் இரும்பையாவது எடுத்துக்கொள்கிறதா?

இல்லை. சீரம் குடித்த உண்ணிகளிலும் முழு ரத்தம் குடித்தவற்றிலும் இரும்பின் அளவு ஒன்றுபோலவே இருந்தது. இரும்பு வருவது பிளாஸ்மாவில் உள்ள டிரான்ஸ்பெரின் என்ற புரதத்திலிருந்து. குடலிலிருந்து மற்ற உறுப்புகளுக்கு இரும்பைச் சுமந்துபோவது உண்ணியின் ஃபெரிட்டின் 2 என்ற புரதம்.

எல்லாப் புரதமும் உடைந்துவிடுமா?

எல்லாம் இல்லை, இரண்டு விதிவிலக்குகள் உண்டு. மாட்டின் ஆன்டிபாடிகளில் ஒரு பகுதி உடையாமல் குடற்சுவரைத் தாண்டி உண்ணியின் உடல்திரவத்துக்குள்ளேயே போய்விடுகிறது. அவற்றைப் பிடித்து எச்சிலோடு திரும்ப மாட்டுக்குள் அனுப்ப, சில உண்ணிகளிடம் தனிப் புரதங்களே உண்டு. வந்த விருந்தாளியை வாசல்வரை கொண்டுவிடுவது மாதிரி.

மற்றது அரைகுறையாக உடைந்த துண்டு. மாட்டு உண்ணியின் குடலில், மாட்டு ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலியிலிருந்து வந்த ஒரு துண்டு, சில பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் கொல்வதை 1999இல் பிரேசிலில் கண்டறிந்தார்கள். மாட்டின் புரதத்திலிருந்து சாப்பாட்டோடு கிருமிநாசினியும் கிடைக்கிறது.

வருடக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்கிறார்களே, உண்மையா?

மென்தோல் உண்ணிகள் விஷயத்தில் உண்மை. ஆர்கஸ் பிரம்ப்டி என்ற ஆப்பிரிக்க உண்ணிகள் சிலவற்றை 1976இல் கென்யாவின் நைரோபிப் பகுதியிலிருந்து பெற்று, அமெரிக்க ஆய்வாளர் ஜூலியன் ஷெப்பர்ட் வளர்த்துவந்தார். ஒரு கட்டத்தில் உணவு கொடுப்பதை நிறுத்தினார். பெண் உண்ணிகள் எட்டு ஆண்டுகள் ஒன்றும் குடிக்காமல் உயிரோடு இருந்தன. மறுபடி ரத்தம் கிடைத்ததும் முட்டையிட்டன. மொத்தம் 27 ஆண்டுக்குக் குறையாமல் வாழ்ந்திருக்கின்றன. 2022இல் இதை அவர் வெளியிட்டார்.

இது செரிமானத்தோடு நேராகத் தொடர்புள்ள சங்கதி. குடல் வெற்றிடத்தில் நொதி இல்லை, அதனால் தொட்டியில் உள்ள ரத்தம் தானாகக் கரைந்துபோவதில்லை. செல்கள் தேவைப்பட்டபோது தேவைப்பட்ட அளவு மட்டும் எடுத்துக்கொள்கின்றன. இரண்டு மூன்று நாளில் செரித்து முடிக்கும் கொசுவால் நினைத்துப்பார்க்கவும் முடியாத சிக்கனம் இது.

ரத்தத்தில் இல்லாத வைட்டமின்களுக்கு என்ன செய்யும்?

பி வகை வைட்டமின்கள் ரத்தத்தில் போதாது. உண்ணியின் செல்களுக்குள் தங்கியிருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைத் தயாரித்துக் கொடுக்கின்றன, வாடகைக்குப் பதில் சமையல் என்கிற மாதிரி. தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு அவை போய்ச்சேரும்.

இப்படி மெதுவாகச் செரிப்பதால் நமக்கு என்ன பாதிப்பு?

நோய். கொசுவின் வயிற்றுக்குள் போகும் கிருமி, டிரிப்சின் மழையில் நனைந்து பிழைத்தாக வேண்டும். உண்ணியின் குடல் வெற்றிடம் அமிலமும் இல்லாத, வெட்டும் நொதியும் பெரிதாக இல்லாத, சத்தான வெதுவெதுப்புக் குளம். கிருமிகளுக்கு இதைவிட நல்ல சத்திரம் கிடைக்காது. வைரஸ், பாக்டீரியா, ஒற்றைச் செல் உயிரி என்று இத்தனை விதமான நோய்களை உண்ணி சுமப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

பூச்சி, உண்ணி போன்ற கணுக்காலிகள் நோய் பரப்பும் என்பதற்கான ஆரம்பகால உறுதியான சான்றுகளில் ஒன்று உண்ணியிலிருந்துதான் வந்தது. 1893இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும், டெக்சஸ் மாட்டுக் காய்ச்சல் உண்ணியால் பரவுவதை நிறுவினார்கள். அதற்குக் காரணமான பேபிசியா கிருமி, மாட்டைச் சிவப்பாகச் சிறுநீர் கழிக்க வைக்கும். நம் பக்கத்துக் கர்நாடகத்தில் 1957இல் ஷிமோகா மாவட்டக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறியப்பட்ட காய்ச்சலும் ஹீமாபைசாலிஸ் என்ற உண்ணி சுமந்து வருவதுதான்.

தமிழ்நாட்டில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று செய்தியில் வருவது இந்த உண்ணியாலா?

இல்லை, பெயர்க் குழப்பம். செய்தித்தாள்கள் அப்படி எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ் நோயை. அதைப் பரப்புவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதான வேறொரு எட்டுக்காலியின் குஞ்சு. அது ரத்தமே குடிப்பதில்லை. எச்சிலால் தோல் திசுவைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சுகிறது. மேலே சொன்ன கதை எதுவும் அதற்குப் பொருந்தாது.

செரிக்கும் செல்லையே தாக்கி உண்ணியை ஒழிக்க முடியாதா?

முடியும் என்று காட்டியாகிவிட்டது, ஓரளவுக்கு. உண்ணியின் உடலுக்குள் நாம் அனுப்ப விரும்பும் எதையும் அனுப்ப ஓர் அருமையான வழி, அது குடிக்கும் ரத்தம். 1980களில் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு ஆய்வு நிறுவனத்தில் பீட்டர் வில்லாட்சன் குழுவினர், மாட்டு உண்ணியின் செரிக்கும் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் பிஎம்86 என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதை மாட்டுக்கு ஊசியாகப் போட்டால் மாட்டின் உடலில் அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாகும். உண்ணி வந்து குடிக்கும்போது அந்த ஆன்டிபாடியும் சேர்ந்து குடலுக்குள் போகும். போய், செரிக்கும் செல்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைச் சிதைக்கும். வெற்றிடத்தில் நொதி இல்லாததால் ஆன்டிபாடி அங்கே உடைவதும் இல்லை. உண்ணிக்கு வசதியாக இருந்த அதே குணம் இங்கே அதற்கே வினையாகிறது.

1990களின் முற்பகுதியில் ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் இது தடுப்பூசியாகச் சந்தைக்கு வந்தது. ஒட்டுண்ணி ஒன்றுக்கு எதிராக விற்பனைக்கு வந்த ஆரம்பகாலத் தடுப்பூசிகளில் இது முக்கியமானது. மருந்து தெளித்தவுடன் உண்ணி கொத்துக்கொத்தாக உதிர்வதைப் பார்த்துப் பழகிய மாட்டுக்காரருக்கு இதன் பலன் உடனே கண்ணுக்குத் தெரியாது. உப்பும் உண்ணிகளின் எண்ணிக்கை குறையும், எடை குறையும், முட்டை குறையும். மேய்ச்சல் நிலத்தில் அடுத்த தலைமுறை மெலியும்.

குறைகளும் உண்டு. பிஎம்86 உண்ணியின் குடலுக்குள் ஒளிந்திருக்கும் புரதம், மாட்டின் உடல் அதை இயல்பாகச் சந்திப்பதே இல்லை. ஆகவே உண்ணி எத்தனை முறை கடித்தாலும் எதிர்ப்பு தானாகப் புதுப்பிக்கப்படாது, ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஊருக்கு ஊர் உண்ணியில் இந்தப் புரதம் கொஞ்சம் மாறுபடுவதால் பலனும் மாறுபடுகிறது. அதனால் ஃபெரிட்டின் 2 போன்ற மற்றக் குடல் புரதங்களையும் இலக்காக வைத்துப் பரிசோதிக்கிறார்கள். ஹீமையும் இரும்பையும் கையாளும் இடத்தில் தட்டினால் உண்ணி சாகாவிட்டாலும் அதன் முட்டை பொரியாது என்ற கணக்கு.

நம் ஊரில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு: திமிலுள்ள நாட்டு மாட்டினங்கள், சீமைக் கலப்பு மாடுகளைவிட உண்ணியை நன்றாகத் தாங்கும். அது தோலில் நடக்கும் சண்டை, குடலில் அல்ல.

உண்ணிக்கொக்கு உண்ணியைத் தின்றுதான் அந்தப் பெயர் வாங்கியதா?

பெயர் அப்படிச் சொல்கிறது. ஆனால் மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியும் பூச்சியும்தான் அதற்கு முக்கிய உணவு. உண்ணி கிடைத்தால் விடாது.

உப்பிய உண்ணியைக் கையால் நசுக்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன சத்திரத்தில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. கிரிமியன் காங்கோ காய்ச்சல் போன்ற சில நோய்கள், நசுக்கிய உண்ணியிலிருந்து கை விரிசல் வழியாகவும் வரும். உடலில் ஒட்டியிருந்தால் முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாத வேலை. சுட்டால் அது வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள் கக்கக்கூடும். எடுத்ததைச் சாராயம் கலந்த கைகழுவும் திரவத்தில் போட்டு மூடிவிட்டு, கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.